அவள் சொன்ன பச்சை

தச்சருக்குப் பச்சையும் மஞ்சளும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும், பிறவியிலேயே அப்படி. ஆனாலும், சூரியன் கடலுக்குள் இறங்கி முடிகிற கணத்தில் அதன் கடைசி விளிம்பு ஒரு நொடி பச்சையாக ஒளிரும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அதைப் படம் பிடித்தே தீருவதென்று நின்றார். பட்டறையைப் பூட்டியதும் கேமராவும் முக்காலியுமாகக் கடல் தெரியும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். மனைவியும் தையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூடவே வருவாள். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இல்லீங்க" என்பாள். பதினோரு மாதம் இப்படியே போயிற்று.

ஒருநாள் ஒரு படத்தில் விரலை வைத்தாள். "இது பச்சைங்க."

மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார். சட்டம் போடத் தேக்கு இழைத்தார். மறுநாளே படத்தைப் பெரிதாக்க அச்சுக்கடைக்குப் போனார்.

கடைக்காரர் திரையில் நெடுநேரம் பார்த்தார். "பச்சை எங்கங்க இருக்கு? இது சுத்த மஞ்சள். படத்தை மாத்திக் கொண்டுவந்துட்டீங்களா?"

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏன் பொய் சொன்ன?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "தெனமும் இல்லைன்னு சொல்றப்ப உங்க மூஞ்சி போற போக்கை நான்தானே பாக்கிறேன். ஒரு தடவை ஆமான்னு சொன்னா என்ன குறைஞ்சிடப்போகுதுன்னு தோணிச்சு."

"எனக்கு இருக்கிறது உன் கண்ணு ஒண்ணுதான். அதுவே இப்படின்னா நான் யாரைப் போய்க் கேக்கிறது?"

அவள் நூலை மறுபடி ஊசிக்காதில் நுழைக்கப் பார்த்தாள். கோக்க வரவில்லை.

ஒன்பது நாள் அவர் மாடிப்படி ஏறவில்லை. இடையில் தம்பி போன் செய்து படத்தைக் கேட்டான். "அது பச்சை இல்லடா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். மனைவி சொன்னதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அடுத்த அறையில் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் அவளே முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். சற்றுப் பொறுத்து அவரும் ஏறினார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சூரியன் தண்ணீரைத் தொட்டு, நசுங்கி, மறைந்தது. விடாமல் பதினான்கு படம் எடுத்தார். கேமராவை அவளிடம் நீட்டக் கை வரவில்லை, அவளே வாங்கிக்கொண்டாள். முதலிலிருந்து பார்த்தாள். மறுபடியும் ஒருமுறை பார்த்தாள்.

"இல்லீங்க. மஞ்சள்தான்."

"சரி" என்றார் தச்சர். முக்காலியை மடக்கியபடி, "நாளைக்கு மேகம் இருக்குமோ என்னவோ" என்றார்.