மூக்கன் மேல் பச்சை

1

பழங்காசு பராமரிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் பல் அக்கா ஒரு செம்புக் காசை என் பக்கம் நகர்த்தி, "இது நோயா, வெறும் அழுக்கா, சொல்லு" என்று கேட்டாள். இந்தக் கதை அங்கே பிறந்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாதவர்கள் ஆசிரியரைக் கேட்கலாம், இல்லாவிட்டால் கதை எழுதலாம். நான் இரண்டையும் செய்தேன். இன்னும் தெரியவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: 'காலத்தின் பச்சை விரல் அந்தச் செம்பு முகத்தை மெல்ல…' காலத்துக்கு விரல் கிடையாது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'செம்பு நாணயங்களில் காணப்படும் பச்சை மூவகைப்படும்.' இது உண்மைதான். ஆனால் கதையை இப்படித் தொடங்கினால் என் அம்மாகூடப் படிக்க மாட்டாள். அதனால் அதைக் கீழே தள்ளுகிறேன்.*

(* ஆனாலும் தயவுசெய்து படியுங்கள், பின்னால் தேவைப்படும். கெட்டியாக, வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை, காசுக்குப் போர்வை. அதைத் தொடக் கூடாது. பிசுபிசுவென்று விரலில் ஒட்டும் பச்சை, மட்டமான பிளாஸ்டிக் உறை கசிந்தது, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் போய்விடும். வெளிறிய பொடியாக உதிரும் பச்சைதான் நோய். உப்பும் ஈரமும் சேர்ந்தால் வரும்; காசை உள்ளே அரித்துக்கொண்டே போகும்.)

2

பல் அக்கா பல் மருத்துவமனையில் உதவியாளர். அவள் எதிரில் வாயைத் திறப்பவர்கள் யாரும் பேச முடியாது. அதனாலோ என்னவோ, மருத்துவமனைக்கு வெளியிலும் பேச்சு முழுக்க அவளுடையதுதான். (அக்கா இதைப் படித்துவிட்டு, "இந்த வரிய எடுத்துடு" என்றாள். யோசித்துப் பார்க்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

அவளுடைய அப்பா விட்டுப்போனது ஒரு மரப்பெட்டி நிறையச் செம்புக் காசு. கடைக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத காசுகள். அதில் ஒன்றில் ராஜாவின் முகமெல்லாம் தேய்ந்து மூக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. அப்பா அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்திருந்தார். வெளியே கிளம்பும்போதெல்லாம் அந்த மூக்கை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். ராஜாவின் முகத்தைத் தேய்த்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

அப்பாவுக்குப் பிறகு பெட்டி அக்காவிடம் வந்தது. தடவும் பழக்கமும் கூடவே வந்தது. ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது தடவினாள். விரலில் பச்சை.

அவள் செய்த தப்பு, அதை அண்ணனிடம் சொன்னதுதான்.

"குளியலறைச் சுவர ஒட்டி அலமாரி வெச்சிருக்கே. ஈரம் ஊறாம என்ன பண்ணும்?" என்றார் அண்ணன்.

"காசு போட்டு வெக்கற ஆல்பம் யாரு வாங்கிக் குடுத்தது? தொட்டாலே கையில ஒட்டுது அந்த பிளாஸ்டிக்."

"நல்ல மனசோட குடுத்தேன்."

"மனசு நல்லாத்தான் இருக்கு. பிளாஸ்டிக்தான் சரியில்ல."

ஃபோன் சூடாகிவிட்டது என்று நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னவர் அண்ணி. பொடிப் பச்சை என்றால் குற்றம் ஈரச் சுவருடையது; பெட்டி அண்ணன் வீட்டுக்குப் போகும். பிசுபிசுப் பச்சை என்றால் குற்றம் ஆல்பத்துடையது. பெட்டி அக்காவிடமே இருக்கும், அண்ணன் இனி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

"அவன் வீட்டுல எல்லாம் இருக்கு. அப்பாவோட நாற்காலி, கண்ணாடி, குடை" என்றாள் அக்கா என்னிடம், துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே. "எங்கிட்ட இது ஒண்ணுதான்."

இந்த இடத்தில் மழை பெய்வதாக ஒரு வரி எழுதியிருந்தேன். பெய்யவில்லை. எடுத்துவிட்டேன்.

3

அண்ணன் பாத்திரத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். முந்தைய வரைவில் அவருக்குப் பெரிய மீசையும் மேசையைத் தட்டும் கையும் கொடுத்திருந்தேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை; அக்கா சொல்லக் கேட்டதுதான்.

பிறகு ஒரு நாள் வகுப்புக்கே வந்துவிட்டார். மீசையே கிடையாது. ஒல்லியான, கூச்சப்படுகிற மனிதர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யாராவது வேகமாகப் பேசினால் வலது கால் தானாகவே தரையை அழுத்துகிறது. அக்கா பேசிய நேரம் முழுக்க அழுத்திக்கொண்டே இருந்தார். (மேசை தட்டும் காட்சி மூன்று பக்கம். போச்சு.)

அக்கா பல் குத்தும் ஊசியை எடுத்தாள்.

"வேண்டாம்! அவ குத்தினா மூக்கனுக்கு மூக்கும் மிஞ்சாது. சார், நீங்களே பாருங்க" என்றார் அண்ணன்.

ஆசிரியர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டினார். நடுவில் பிசுபிசுப்பு. விளிம்பில் பொடி மாதிரி ஏதோ. "ரெண்டுமே இருக்கலாம்" என்றார்.

குடும்பச் சண்டையில் போய் இப்படியா சொல்வது?

ஒரே வழிதான் இருந்தது. அசிட்டோனில் பிசுக்கைத் துடைத்து எடுத்துவிட்டு, காசை ஈரப் பஞ்சோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி வைக்க வேண்டும். நோய் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் புதுப் பொடி பூக்கும். இல்லையென்றால் பூக்காது.

"என் வீட்டுல வெக்கறேன்" என்றாள் அக்கா.

"உன் வீட்டுலயா? அங்க நாற்காலிக்கே காளான் முளைக்கும்."

"அப்ப உன் வீட்டுல வெச்சு நீயே பொடி தூவிக்கோ."

அண்ணனின் கால் தரையை ஓங்கி அழுத்தியது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். இருவருக்கும் ஒரே மூக்கு என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

4

இப்படியாக, இந்தக் கதையின் முடிவு என் சமையலறை மேசையில் ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது. எல்லா எழுத்தாளர்களுக்கும் இந்த வசதி கிடைப்பதில்லை.

தினமும் இரண்டு அழைப்புகள். "கதையில என்ன வேணா எழுதிக்கோ. மூடிய மட்டும் திறந்துடாதே" என்பாள் அக்கா. "பஞ்சு காஞ்சிருந்தா சொல்லுங்கம்மா" என்பார் அண்ணன், கொஞ்சம் நிறுத்தி, "அவ நல்லா சாப்பிடறாளா?" என்பார். அதை அக்காவிடம் சொன்னேன். "ஏன், என்னைக் கேட்டா வாய் வலிக்குமா?" என்றாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

காத்திருந்த நேரத்தில் முடிவுகளை எழுதி வைத்தேன்.

அ) பொடி இல்லை. அக்கா பெட்டியை அணைத்துக்கொள்கிறாள். அண்ணன் வெளியேற… (சினிமா மாதிரி இருக்கிறது.)

ஆ) பொடி பூத்திருக்கிறது. அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறார். அக்கா நாளைக் காலை கிளம்பும்போது எதைத் தடவுவாள்? (இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

இ) என்று எழுதி நிறுத்திவிட்டு, முட்டை அவித்துத் தின்னலாம் என்று உப்பைத் தேடினேன். உப்பு ஒரு கண்ணாடி டம்ளரில் இருந்தது.

உப்பு ஏன் டம்ளரில் இருக்கிறது?

ஏனென்றால் உப்பு டப்பாவில் மூக்கன் இருக்கிறான்.

5

ஒன்றாம் பகுதியின் அடிக்குறிப்பை இப்போது மறுபடி படிக்கலாம். நான் படித்தேன், நின்றபடியே. செம்புக்கு ஆகாத இரண்டில் ஒன்றான ஈரத்தை நானே பஞ்சில் ஊற்றி வைத்திருக்கிறேன். இன்னொன்று டப்பாவிலேயே இருந்தது. டப்பாவைக் கழுவினேன். கழுவினேன் என்றுதான் நினைக்கிறேன். பஞ்சு எவ்வளவு ஈரம், மூடி எவ்வளவு இறுக்கம் என்றெல்லாம் குறித்து வைத்தவள் இதைக் குறிக்கவில்லை. துடைத்திருப்பேனோ? துடைத்தால் மூலையில் உப்பு போகுமா?

பொடி இல்லையென்றால் தப்பித்தேன். இருந்தால், அது அக்கா வீட்டுச் சுவரால் வந்ததா, என் சமையலறையால் வந்ததா என்று எந்த லென்ஸும் சொல்லாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பெட்டி வீடு மாறிவிடும். சொன்னால், இருவரும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து ஒரே ஆளைத் திட்டுவார்கள்.

இன்று ஞாயிறு. மாடிப்படியில் குரல் கேட்கிறது.

"பார்த்து ஏறு, படி வழுக்குது."

"நீ பிரேக் போடாம வா, போதும்."

"திறந்ததும் நீ பார்க்காதே. நான் மொதல்ல பார்க்கறேன்."

"ஏன், உனக்கு பயமா?"

இரண்டு படி ஏறும் சத்தம். பிறகு அண்ணன் மெதுவாக, "ஆமா" என்கிறார். அக்கா எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் இருந்து நான் இப்போதுதான் கேட்கிறேன்.

அழைப்பு மணி அடிக்கிறது. இ) இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. டப்பாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். மூடி கொஞ்சம் இறுக்கம், நகத்தால் நெம்பினால் வந்துவிடும். நான் போய்க் கதவைத் திறக்கிறேன். உப்பு டம்ளரை எங்கேயாவது ஒளித்து வைக்கலாம் என்றுதான் கையில் எடுத்தேன். அதோடுதான் போகிறேன்.