பல்பொடி தேய்த்த ரூபாய்

வெற்றிலைத் தட்டில் இருந்த வெள்ளி ரூபாயைப் பார்த்ததும் பாலகோபாலின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. பெண் இன்னும் உள்ளிருந்து வரவில்லை. அதற்குள் லென்ஸ் வெளியே வந்துவிட்டது.

துடியலூருக்கு வரும் பஸ்ஸில் அக்கா ராமாமணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா இனி நான் உனக்குப் பொண்ணு பாக்க மாட்டேன் சாமி. சித்த நேரம் உக்காரு. மூஞ்சிய மட்டும் நல்லா வெச்சுக்கோ." சரி என்றான். மனைவி கீதா இறந்த பிறகு எதற்கும் சரி என்று சொல்லிவிடுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. பம்பு கம்பெனி வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். மாலையில் டவுன்ஹால் பக்கம் கரீமின் கடையில் உட்கார்ந்து பழைய காசுகளைத் தரம் பிரித்துக் கொடுத்தான். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே கீறல், எது கழுவியது. எந்தக் காசும் அவனிடம் "இப்ப பரவால்லீங்களா?" என்று கேட்டதில்லை.

தட்டில் இருந்தது 1862 என்று போட்ட விக்டோரியா ராணி ரூபாய். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்தான். முதலில் தேய்வது காதுக்கு மேலுள்ள முடிதான். இதில் அது இழை இழையாக நின்றது. கிரீடத்தின் கற்களைத் தனித்தனியாக எண்ணலாம். உடுப்பின் பூவேலை லேசாகத்தான் மழுங்கியிருந்தது. வெகுநாள் கழித்து நெஞ்சுக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. ரூபாயை வெளிச்சத்தில் இன்னும் கொஞ்சம் திருப்பினான். பளீரென்ற வெள்ளை. எழுத்து இடுக்குகளில் இருக்க வேண்டிய கருமை இல்லை. ராணியின் கன்னமெல்லாம் வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள்.

"சே!" என்றான். சத்தமாகவே வந்துவிட்டது.

பெண்ணின் அப்பா கோபாலசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏனுங்க மாப்பிள்ள, எங்கூட்டு ரூவா கள்ள ரூவாயான்னு பாக்கறீங்களா? எங்கப்பாரு காலத்துலருந்து நல்ல காரியத்துக்கெல்லாம் தட்டுல வெக்கிறதுங்க அது."

"ஐயோ, அப்படியில்லீங்க மாமா," என்ற ராமாமணி தம்பியின் தொடையைக் கிள்ளினாள்.

காப்பியோடு வந்த மோகனப்பிரியா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள். "என்ன கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

அவன் கண்ணை எடுக்காமலே சொன்னான். "யாரோ கழுவியிருக்காங்க. இல்லீன்னா எக்ஸ்ட்ரா ஃபைன். இந்தத் தரத்துல ராணி ரூவா சாமானியமாக் கெடைக்காதுங்க."

"என்னையப் பாக்க வந்தீங்களா, அந்த ராணியம்மாவப் பாக்க வந்தீங்களா?"

அப்போதுதான் நிமிர்ந்தான். முகம் நிறையப் பவுடர். விரல் நுனியில் ரிப்பன் மை.

"காலையில நாந்தானுங்க தேச்சேன். கறுத்துக் கெடந்துது. வர்றவங்க என்ன நெனப்பாங்கன்னு அப்பா சொன்னாரு. ரோஸ் கலர் பல்பொடி, பழைய பிரஷ்ஷு."

நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் முடி கலையாமல் இருந்த ராணிக்கு இன்று காலை பல் துலக்கிவிட்டிருக்கிறார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. காற்று வாங்கிய மோட்டார் தண்ணீர் எடுப்பதுபோல முதலில் இருமலாக, அப்புறம் ஒரே பாய்ச்சலாக. ராமாமணி வாய் திறந்தபடி தம்பியைப் பார்த்தாள். கோபாலசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரிப்பை அடக்கியதில் மீசை துடித்தது.

"அப்ப ரூவா கெட்டுப்போச்சுங்களா?" என்றாள் மோகனப்பிரியா.

"தேஞ்சா குத்தமில்லீங்க. நாலு பேரு கை பட்டா தேயத்தான் செய்யும். புதுசாட்டக் காட்டறதுக்கு மினுக்குனாத்தான் தரம் எறங்கும்."

அவள் முந்தானையை எடுத்துக் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். "அப்ப இதையும் தொடச்சுப்போடறேனுங்க." பிறகு கையை நீட்டினாள். "அந்தப் பூதக்கண்ணாடியக் குடுங்க, என்ன தெரியுதுன்னு பாக்கறேன்." லென்ஸைக் கொடுத்தான்.

கிளம்பும்போது கோபாலசாமி, "கலந்து பேசிச் சொல்லியுடறோமுங்க," என்றார். வேண்டாம் என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள். இதற்கு முன் இரண்டு வீட்டில் அதைக் கேட்டு நிம்மதியாக வெளியே வந்தவன் அவன். இன்று வாசல் தாண்டும்போது கால் கனத்தது.

மேட்டுப்பாளையம் ரோட்டு ஸ்டாப்பில் ராமாமணி ஆரம்பித்தாள். "லென்ஸு வெச்சுப் பாக்கற எடமாடா அது? மனுசன் மனசுல என்ன நெனச்சாரோ!"

லென்ஸைத் தேடிப் பைக்குள் விட்ட விரலில் ரூபாய் தட்டுப்பட்டது. பழக்கத்தில் லென்ஸ் இருக்கிற இடத்தில் அதைப் போட்டிருக்கிறான்.

"அடப்பாவி! அவங்க சரின்னு சொல்றதுக்கு முந்தியே தட்டு ரூவாயத் தூக்கிட்டு வந்துபோட்டியா!"

பஸ் வந்து நின்றது. "குடுத்துட்டு வாரேன்க்கா," என்று திரும்பியவன் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனான்.

மோகனப்பிரியா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முகத்தில் பவுடர் இல்லை. லென்ஸை ஒரு கண்ணில் ஒட்டி, சுற்றுச்சுவரில் அரிசி நொய்யைத் தூக்கிப்போகும் எறும்பைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். இன்னொரு கண்ணை இறுக்கி மூடியதில் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவன் கூப்பிடவில்லை. ரூபாயை விளிம்பில் பிடித்தபடி, அவள் நிமிரட்டும் என்று நின்றான்.