தோர்கிலின் பெட்டி இருந்த இடம்

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களுக்கு ஆஸ்டா அத்தை காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். தோர்கில் கோப்பையைத் தொடவில்லை. ஏழு வருடம் கழித்து ஆர்ஹஸ் நகரத்து வீட்டுக்கு வந்தவன், வந்த நேரம் முதல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவரில் தேக்குச் சட்டங்கள். அவற்றில் மாட்டிய பெட்டிகள், ஆளுக்கொன்று. மேலே அப்பாவுடையது, பக்கத்தில் அம்மாவுடையது, அப்பாவுடையதற்குக் கீழே அவனுடையது. வேண்டும்போது கழற்றலாம், மாற்றி மாட்டலாம். அதுதான் அந்தச் சாமானின் பெருமையே. "படிப்பை விட்டுட்டுக் கப்பலுக்குப் போறதுன்னா உன் பொருளையெல்லாம் தூக்கிக்கிட்டுப் போடா" என்று அப்பா எவால்ட் கத்திய அன்று, இவனும் ரோஷக்காரன் ஆயிற்றே, தன் பெட்டியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இன்னும் காலியாகவே இருந்தது. அடியில் வெறும் பலகை. மேல்பெட்டியைக் கீழே இறக்கியிருந்தால் மூடியிருக்கும். கால்மணி நேர வேலை. அம்மாதான் விட்டுவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"அம்மா இதை மூட விடலையா அத்தை?"

"உங்கம்மாவா? அவளுக்கு இதைப் பார்த்தாலே ஆகாது. மூடித் தொலைங்கன்னு அழுவா. உங்கப்பன்தான் யாரையும் கிட்ட விடல. ஒரு தடவை ரேடியோவைக் கொண்டுபோய் வச்சேன். என்னமா குதிச்சான் தெரியுமா! தம்பியாப் போயிட்டான், இல்லேன்னா அந்த ரேடியோவாலேயே மண்டையில போட்டிருப்பேன்."

தோர்கில் கூனிக் குறுகிப்போனான். அப்பாவுக்கு இத்தனை நாளில் ஒரு வரி எழுதியதில்லை அவன்.

எவால்ட் எழுந்து வந்தார். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"பெட்டியைக் கொண்டுவந்திருக்கியா?"

இதற்குத்தான் அவன் பயந்துகொண்டிருந்தான்.

"ஹாம்பர்க்ல வித்துட்டேன்ப்பா. குடிக்கிறதுக்கு."

அத்தையின் கை அப்படியே நின்றது. அப்பா இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போடா என்றால் போகவேண்டியதுதான். அதற்குப் பிறகு அவனுக்கு வீடு என்று ஒன்று கிடையாது.

"நாசமாப் போறவனே" என்றார் எவால்ட். குரல் உடைந்திருந்தது. "வாசல்ல ஒரு பை கிடக்கே, யாரோடது?"

"என்னுதுதான்."

"வழியில கிடந்தா எல்லாரும் தடுக்கி விழணுமா? எடுத்துட்டு வந்து உன் இடத்துல வை."

கப்பல் பை அது, உயரம். பலகையில் வைத்தால் மேல்பெட்டி இடித்தது. தோர்கில் அதைத் திரும்ப இறக்கப் போனான்.

"இருடா" என்றார் எவால்ட். பிறகு தன் பெட்டியைச் சட்டத்திலிருந்து கழற்றித் தரையில் வைத்தார்.