றீஸின் மகன்

கிருஷாந் தன் பெயரின் பின்பாதியைப் பிரைஸ் என்று மாற்றிய அதே கிழமை, ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு செத்துப்போன ஒரு வேல்ஸ்காரர் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அவனுடைய வீட்டுக்கு வந்து, தான்தான் தகப்பன் என்று சொல்லிச் சோபாவில் உட்கார்ந்தார். சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். ஆனால் அவருடைய போர்வையிலிருந்து நனைந்த செம்மறியின் மணம் வந்தது. பேசியது வெல்ஷ், காதில் விழுந்தது யாழ்ப்பாணத் தமிழ். பெயர் றீஸ் என்றார். கிருஷாந்தின் மனைவி சிவகௌரி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்து, இது என்ன கசாயம் என்று முகத்தைச் சுளித்து, இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகுதான் அவள் கணவனை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய், "ஆரப்பா இந்த மனுசன்?" என்று கேட்டாள்.

பெயரை மாற்றியதற்கு நியாயம் இருந்தது. கிருஷாந்தின் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அதற்கு முன்னால் தகப்பனின் பெயர், அவ்வளவுதான். லண்டனில் வந்து இறங்கியபோது ஓர் அதிகாரி தகப்பனின் பெயரான வைத்தியநாதனைத் தூக்கிக் குடும்பப் பெயரின் இடத்தில் வைத்தார். அன்றிலிருந்து வங்கி, ஆசுபத்திரி, அலுவலகம் எல்லாம் மகனைத் தகப்பனின் பெயரால் கூப்பிட்டன. டொக்டரின் வரவேற்பறையில் "மிஸஸ் வைத்தியநாதன்" என்று கூப்பிட்டபோது சிவகௌரி எழும்பவில்லை. "மாமான்ர பெண்சாதி எண்டெல்லோ என்னைக் கூப்பிடுறாங்கள்! மாமி கேட்டா என்ன நினைப்பா?" வெள்ளைக்கார நாக்குகளில் அந்தப் பெயர் வைட்டி ஆனது, வட்டி ஆனது, ஒரு கூட்டத்தில் முழு வேட்டியாகவே ஆனது. வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களுக்கு மறுமொழியே இல்லை. அதே விண்ணப்பத்தைப் பிரைஸ் என்ற பெயரில் அனுப்பினான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், வேலையும் கொடுத்தார்கள். "பிரைஸ் எண்டா விலை. கணக்குப் பார்க்கிறவனுக்கு இதைவிட என்ன பேர் வேணும்?" என்று சிரித்தான்.

சிவகௌரிக்கு மட்டும் ஒரு யோசனை இருந்தது. "மாமா வருசா வருசம் பேரைப் பார்த்துத்தானே வாறவர். இனி எப்பிடிக் கண்டுபிடிப்பார்?"

வைத்தியநாதன் ஊரில், கோப்பாயில் காலமானபோது கிருஷாந்துக்கு விசா இல்லை, போய்க் கொள்ளிவைக்க முடியவில்லை. அதனாலோ என்னவோ, ஒவ்வொரு திவசத்துக்கும் அவர் தானே புறப்பட்டு வந்தார். வெள்ளை வேட்டியும் கைமுட்டுவரை மடித்த சட்டையுமாக ரயிலால் இறங்கி, ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு முன்னால் நின்று நின்று அழைப்பு மணிக்குக் கீழே உள்ள பெயர்களை வாசித்துக்கொண்டு நடப்பார். தன் பெயரைக் கண்டதும் மணியை அடிப்பார். சாப்பிடுவார், வெங்காயம் என்ன விலை போகிறது என்று கேட்பார், குளிர் கூட என்பார், பின்னேர ரயிலில் போய்விடுவார்.

"பெத்த மகனைத் தெரியாதே அவருக்கு?" என்றான் கிருஷாந். மணிக்குக் கீழே பிரைஸ் என்று ஒட்டினான்.

அந்தப் பெயருக்கும் விலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை றீஸ்தான் சொன்னார். வெல்ஷில் 'அப்' என்றால் இன்னாரின் மகன். தமிழ்க் காதுக்கு அது பாதியில் நிறுத்திய அப்பா. றீஸின் பிள்ளைகள் அப் றீஸ் என்று இருந்தவர்கள். ஆங்கிலேய எழுத்தர்களுக்கு அவ்வளவு மினக்கெட நேரமில்லை. அப்பில் இருந்த 'ப்'பை மட்டும் பிய்த்து றீஸோடு ஒட்டிப் பிரைஸ் ஆக்கிவிட்டார்கள். பிறகு வந்த சந்ததிகள் விலையென்றே நினைத்துக்கொண்டன. "என்ர பிள்ளையளுக்கு என்னைத் தெரியாது. ஒருத்தரும் கூப்பிடேல்லை. நீதான் காசு கட்டி, கையெழுத்து வைச்சு, றீஸின்ர மகன் எண்டு சொன்னனி. வராமல் இருப்பனே?" என்றார் அவர். அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு மிஸஸ் வோக்கர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஓ, உங்களுடையவரும் வந்துவிட்டாரா?" என்று கேட்டாள். வோக்கர் என்றால் நடப்பவன் இல்லையாம், துணியை மிதித்துக் கெட்டியாக்குகிறவனாம். அவர்களுடைய பெயரோடு வந்த ஆள் பரம்பரை பரம்பரையாகக் குளியல் தொட்டிக்குள் நின்று மிதித்துக்கொண்டே இருக்கிறாராம். இங்கே எல்லா வீட்டிலும் ஓர் ஆள் உண்டு, வெளியில் பேசுவது மரியாதை இல்லை என்றாள்.

ஆவணியில் திவசம் வந்தது. காலையில் லூயிஷாம் சிவன் கோவிலில் ஐயர் தர்ப்பையைக் கொடுத்துவிட்டு, "தகப்பன்ர பேர்?" என்று கேட்டார். கிருஷாந் வாயைத் திறந்தான். "றீஸ்." ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "பேரன்? தகப்பன்ர தகப்பன்?" "மோர்கன்." "பூட்டன்?" "ஹவெல்." வைத்தியநாதன் என்று சொல்ல அவன் கழுத்து நரம்பு புடைக்க முயன்றான். நாக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. லண்டனில் எத்தனையோ விதமான கலியாணங்களைச் செய்துவைத்த ஐயர் தோளைக் குலுக்கிவிட்டு, மோர்கனுக்கும் ஹவெலுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டார். வீட்டில் சோபாவில் இருந்த றீஸ் அந்த நேரம் நிறைவாக ஓர் ஏப்பம் விட்டதாகச் சிவகௌரி பிறகு சொன்னாள்.

மத்தியானம் வைத்தியநாதன் வந்தார். கிருஷாந் ஜன்னலால் கண்டான். வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி ஒவ்வொரு கதவாக வாசித்துக்கொண்டு வந்தார். கிருஷாந்தின் கதவடியில் நின்று பெயரை வாசித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார், இல்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தார். கிருஷாந் செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி, "அப்பா!" என்று கத்தினான்.

"ஓம் மோனை, இஞ்சதான் இருக்கிறன்," என்றார் றீஸ், வீட்டுக்குள்ளிருந்து.

வைத்தியநாதன் திரும்பவில்லை. கிருஷாந் இன்னும் இரண்டு தரம் கத்தினான். இரண்டு தரமும் உள்ளேயிருந்துதான் பதில் வந்தது. கிழவர் மூலை திரும்பிப் போய்விட்டார்.

பெயரைத் திரும்ப மாற்றியிருக்கலாம். சிவகௌரி அழுதும் கேட்டாள், கத்தியும் கேட்டாள். ஆனால் வேலை கிடைத்தது பிரைஸுக்கு. வீட்டுக் கடன் எடுத்ததும் பிரைஸ். கிருஷாந் செய்ததெல்லாம், பிரைஸுக்குக் கீழே வைத்தியநாதன் என்று ஒரு துண்டு எழுதி ஒட்டியதுதான். லண்டன் மழை அதை ஒரு மாதம்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்த ஆவணியில் ஒருவரும் வரவில்லை.

வைத்தியநாதன் இருக்கிற இடத்தை மீன் கடையில் மேர்வின் சொன்னான். மன்னார்க்காரன், அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. "இல்ஃபோர்ட்டில விவேக் எண்டொரு பெடியன். அவன்ர தேப்பனும் வைத்தியநாதன்தான். கடைசிச் சண்டையில காணாமல் போனவர், பிரேதம் கிடைக்கேல்லை. இப்ப வேறொரு வைத்தியநாதன் வந்து அங்க இருக்கிறாராம் அண்ணை. பேர் சரி எண்டு வைச்சிருக்கினம்."

கிருஷாந் இல்ஃபோர்ட் போனான். கதவைத் திறந்த விவேக் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டான். வந்திருந்த கிழவர் தன் தகப்பன் இல்லை என்பது அவனுக்கு முதல் நாளே தெரியும். தேடித் தேடிக் களைத்தவனுக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. வைத்தியநாதன் ஹீற்றருக்குப் பக்கத்தில், யாரோ பின்னிக் கொடுத்த நீலச் சுவெற்றர் போட்டு இருந்தார். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. கோப்பாயில் கடைசி வருடங்களில்கூட இல்லாத நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

"வாரும் தம்பி, இரும். கோப்பாய்ச் சாயல் தெரியுது. ஆற்ற மகன் நீர்?"

கிருஷாந் வாயைத் திறந்தான்.

"றீஸ்."

"றீஸோ?" கிழவர் யோசித்தார். "எங்கட பக்கம் கேள்விப்படேல்லை. ஆனா நல்ல சின்னப் பேர், சொல்லச் சுகம். அப்பா சுகமா இருக்கிறாரோ?"

"ஓம்," என்றான் கிருஷாந்.

"நல்லாப் பாரும் அவரை," என்றார் வைத்தியநாதன்.

பார்க்கிறான். றீஸுக்கு இப்போது பஸ் பாஸ் இருக்கிறது, முழங்கால் நோவுக்கு மாத்திரை இருக்கிறது, இடியப்பத்துக்குச் சொதி இல்லாவிட்டால் கோபம் வருகிறது. சனிக்கிழமைகளில் கிருஷாந் அவரைக் கையில் பிடித்து ரோட்டைக் கடக்க வைக்கிறான். தெரிந்தவர்கள் யாராவது கிழவர் யார் என்று கேட்டால், அப்பா என்கிறான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.