பெருக்கல் குறி போட்ட ஜன்னல்

அட்டை டாக்டரம்மாவின் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ! பழைய தபால் அட்டைகளுக்கு இருபது வருஷமாக வைத்தியம் பார்த்த கை, அட்டையின் சொந்தக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் ரப்பரை எடுக்குமா?

அட்டை ஒரு ஓய்வுபெற்ற ரயில் டிரைவருடையது. அவர் பிறப்பதற்கு முந்தின வருஷம், அவருடைய அம்மா தன் அக்காவுக்குப் போட்டது. படத்தில் வரிசையாக மாடி வீடுகள், ஒரு குதிரை வண்டி. அம்மா அவரைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. வளர்த்த பெரியம்மா அட்டையைக் கறுப்பு ஆல்பத்தில் அழுந்த ஒட்டி வைத்திருந்தாள்.

"தாளோட பிச்சு எடுத்துட்டேம்மா. சுத்தம் பண்ணிக் குடுங்க. புதன்கிழமை இந்தப் படத்துத் தெருவுக்குப் போறேன்" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

படம் வேடிக்கையான படம். பகலில் எடுத்ததற்கு நீலம் அடித்து, நிலா ஒன்றையும் வரைந்து, ராத்திரிக் காட்சி என்று விற்றிருக்கிறார்கள். குதிரைக்கடியில் பட்டப்பகல் நிழல் அப்படியே கிடக்கிறது! டாக்டரம்மா தனக்குள் சிரித்துக்கொண்டே, ஈர ஒற்றுத்தாள் வைத்துப் பின்பக்கத்துப் பசையை இளக்கி, கறுப்புத் தாளைத் துணுக்குத் துணுக்காக உரித்தாள். காய்ந்ததும் முன்பக்கத்துக்கு வந்தாள். மூன்றாம் வீட்டு மாடி ஜன்னல்மேல் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. பென்சில் கோடு அழுக்குக்கு மேலே இருந்தது. அப்படியென்றால் பிற்காலத்தில் ஏதோ வாண்டு கிறுக்கியது. நாலு தேய்ப்பு, போயே போச்சு.

அப்புறம்தான் ஓரத்தைத் துடைத்தாள். அந்தக் காலத்து அட்டையில் பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கு. சேதியைப் படத்தோரத்தில் நுணுக்கித்தான் எழுதவேண்டும். அழுக்கு விலகியதும் மை எழுத்து தெளிந்தது.

'அக்கா, எங்கள் ஜன்னலுக்கு அடையாளம் வைத்திருக்கிறேன். எது என்று கண்டுபிடி, பார்க்கலாம்!'

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, குடி முழுகிப் போச்சு!"

முன்கடையில் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் ஓடிவந்தாள். "என்ன அண்ணி?"

"அவரோட அம்மா போட்ட குறியை அழிச்சுத் தொலைச்சுட்டேன்டி."

"பென்சில்தானே? நீங்களே ஒண்ணு போட்டு விட்டுருங்க."

"வாயை மூடு!"

"சும்மா சொன்னேன், அடிக்க வராதீங்க."

மானம் போகிறதே என்று மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் ஒரு கேள்வி பிறாண்டியது. மையில் எழுதினவள் குறியை மட்டும் ஏன் பென்சிலில் போடவேண்டும்? அதுவும் அழுக்குச் சேர்ந்த பிறகு? விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். பென்சில் அழுத்திய தடம் லேசாகத் தெரிந்தது. அப்பாடா, இடமாவது தப்பியது! தடத்தின் ஆழம் பார்க்க அட்டையைத் தூக்கி விளக்கை மறைத்தாற்போல் பிடித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

புதன்கிழமை காலையில் டிரைவர் வந்தார். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "ஐயா, என்மேல தப்பு. உங்களைக் கேட்காம அந்தப் பெருக்கல் குறியை அழிச்சுட்டேன்."

டிரைவர் கோபப்படவில்லை. மெல்ல உட்கார்ந்தார். "அது எங்கம்மா போட்டதில்லம்மா. நான் போட்டது."

"நீங்களா?"

"எட்டு வயசிருக்கும். பெரியம்மாகிட்ட எந்த ஜன்னல்னு கேட்டேன். 'தேடித் தேடிப் பாத்தேன், அகப்படலடா'ன்னுட்டா. அன்னிக்கே ஒரு ஜன்னலை நானே எடுத்துக்கிட்டேன். வருஷா வருஷம் அந்த வீட்டு வாசல்ல போய் நிப்பேன். பைத்தியம்னு விரட்டுவாங்க. இந்த வருஷம்தான் மனசு இரங்கி, மாடிக்கு வந்து பாருங்கன்னு லெட்டர் போட்டிருக்காங்க."

"நீங்களே போட்ட குறின்னு தெரிஞ்சுமா?"

"நிக்கிறதுக்கு ஒரு இடம் வேணாமாம்மா?"

டாக்டரம்மா விளக்கைப் போட்டு, அட்டையை அதன் முன்னால் பிடித்தாள். நாலாம் வீட்டு மாடி ஜன்னலில் கடுகளவு வெளிச்சம் எரிந்தது.

"ஊசிக் குத்து, ஐயா. ராத்திரிப் படம்னா அந்தக் காலத்துல இப்படி ஜன்னல்ல குத்தி, விளக்குல காட்டி விளையாடுவாங்க. பெரியம்மா இப்படிப் பிடிச்சுப் பாக்கலை போல. ஆல்பத்துல ஒட்டினதும் ஓட்டை அடைஞ்சு போச்சு."

டிரைவர் அட்டையை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். இப்படியும் அப்படியும் அசைக்க, வெளிச்சம் ஜன்னலில் அணைந்து அணைந்து எரிந்தது.

"பக்கத்து வீடா!" என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அறுபது வருஷமா பக்கத்து வீட்டைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன்மா."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இந்த நாலாம் வீட்டுக்காரங்க உங்களை உள்ள விடுவாங்களா?"

"எப்படி விடுவாங்க? என்னை யாருன்னே தெரியாதே." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இவங்களும் மொதல்ல இருந்து விரட்டட்டும்."