பதினேழு போல்ட்

கல்முனையில் போல்ட் வாங்கப் போகிறவன் அதன் உடம்பின் தடிப்பைச் சொல்ல மாட்டான். தலையில் எந்த ஸ்பானர் ஏறுமோ அந்த நம்பரைத்தான் சொல்லுவான். "பதினேழு போல்ட் தாங்க" என்றால் கடைக்காரனும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பான். ஒரே தலைக்கு இரண்டு தடிப்பில் உடம்பு இருக்கலாம், ஜப்பான்காரன் வைத்த அளவும் மற்ற நாட்டான் வைத்த அளவும் ஒன்றல்ல என்பதெல்லாம் யாருக்கும் தெரியாத சங்கதியல்ல. ஆனால் கடை வாசலில் நின்று அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்? படகு எஞ்சின் திருத்துவதில் பெயரெடுத்த காலிதீனும் அப்படித்தான் கேட்டு வாங்கினான்.

அவனுடைய தங்கை சிபானாவின் புருஷன் றாஸிக்கின் படகு, அவனையும் முகம்மது தம்பி என்ற பழைய கடலோடியையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆழ்கடலுக்குப் புறப்பட இருந்தது. எஞ்சினின் கியர்பொக்ஸையும் புரொப்பலர் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கப்ளிங்கில் பழைய போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. காலிதீன் அவற்றை அடித்துக் கழற்றிக் கடலில் எறிந்தான். புதியவை விரலால் தள்ளவே உள்ளே போயின. வேலை சுலபமாக முடிந்ததில் அவனுக்குச் சந்தோஷம். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. இறுக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடினான்.

திங்கட்கிழமை காலை மீனவர் சங்கத்து ஜவுபர் பட்டறைக்கு வந்து அவனைக் கையோடு கூட்டிப்போனார். சங்கக் கட்டடத்து வயர்லெஸ் செட்டில் றாஸிக்கின் குரல் கரகரத்தது.

"மச்சான், கப்ளிங் போல்ட் ரெண்டு அறுந்து போச்சு. நீங்க தந்த மிச்ச போல்ட்டயும் பூட்டிப் பாத்திட்டன். அதுவும் நிக்கிதில்ல."

"போல்ட்ட ஓட்டைக்குள்ள விட்டு ஆட்டிப் பாரு. ஆடுதா?"

"ஆடுதாவா? என்ட சுண்டுவிரல் நகம் உள்ளுக்குப் போகுது!"

காலிதீனுக்கு விளங்கிவிட்டது. தலை பதினேழுதான். உடம்பு பத்து மில்லிமீற்றர். அந்த ஓட்டையோ பன்னிரண்டு மில்லிமீற்றர் போல்ட்டுக்குத் துளைத்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் இந்த அளவுகளையெல்லாம் பரீட்சைக்கு எழுதிப் பாஸானவன் அவன். எழுதி என்ன பிரயோசனம்? கப்ளிங்கைப் பிடிக்க வேண்டிய போல்ட் அதற்குள் கிடந்து ஆடியிருக்கிறது.

"மச்சான், பிழை என்னிலதான்..."

"அத வந்து கதைப்பம். இப்ப என்ன செய்யிற, அதச் சொல்லுங்க."

வாடைக் காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. உதவிக்குச் சொல்லியாயிற்று. ஆனால் கடல் இருந்த இருப்பில் யாரும் மறுநாளைக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. காலிதீன் கண்ணை மூடி அந்த எஞ்சின் அறையை நினைத்துப் பார்த்தான்.

"ரின்மீன் பேணி இரிக்கா? அந்தத் தகரத்தக் கீறி நாடா நாடாவா வெட்டு. போல்ட்டச் சுத்தி இறுக்கிச் சுருட்டு. சுத்தியலால அடிச்சாத்தான் ஓட்டைக்குள்ள போகணும், அந்த அளவுக்கு. மறுகா மெதுவா ஓட்டு. இன்னொண்டு, நல்லாக் கேளு. முன்னுக்கு ஓடினா தண்டு கியர்பொக்ஸில முட்டிக்கிட்டு நிக்கும். ரிவேஸ் போட்டா பின்னால இழுத்துக்கிட்டுக் கழண்டு போயிரும். போனா தண்டு நிண்ட ஓட்டையால கடல் உள்ளுக்கு வரும். என்ன வந்தாலும் ரிவேஸ் போடாத."

"ஓம் மச்சான். முகம்மது தம்பிட்டயும் சொல்றன்."

சிபானா அதற்குள் செய்தி கேள்விப்பட்டு வந்து கதவோரம் நின்றாள். முக்காட்டு நுனியை வாயில் கவ்வியிருந்தாள்.

"காக்கா, என்ன பிழையாம்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"சின்னப் பிழை புள்ள. சரிவரும்."

திரும்பிச் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு றாஸிக்கின் குரல் செட்டில் சிரிப்போடு வந்தது. "ஓடுது மச்சான்! பேணி மீனத் தின்டதுக்கு இப்பத்தான் பலன் கிடைச்சிரிக்கி!" சிபானா அழுதுகொண்டே சிரித்தாள். காலிதீனுக்கும் உயிர் வந்தது. கெட்டித்தனமும் கூடவே வந்துவிட்டது. "நீ கீழ இறங்கி போல்ட்டப் பாத்துக்கிட்டே இரு. சுக்கான முகம்மது தம்பிட்டக் குடு" என்றான்.

அதுதான் வினை. முகம்மது தம்பி கடலிலேயே தலை நரைத்த மனிதர். புரொப்பலரில் கயிறு சிக்கினால் ஒரு தரம் பின்னுக்கு ஓட்டி உதறிவிடுவது அவர் கைக்கு ஊறிப்போன பழக்கம். பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னால், மிதந்து வந்த யாருடையதோ அறுந்த வலை புரொப்பலரில் சுற்றிக்கொண்டது. சொன்னதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். கை அதைக் கேட்கவில்லை.

"மச்சான், தண்டு போயிட்டு! தண்ணி ஏறுது!"

"சாறன், போர்வை, கிடைக்கிறதெல்லாம் ஓட்டைக்குள்ள திணி! பலகையால முட்டுக் குடு!"

"திணிக்கிறம். ஏலாது போல இரிக்கி மச்சான். பெட்டரிக்கிட்டத் தண்ணி..."

காலிதீன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பலகை சறுக்கினால் ஆப்பு வைக்கச் சொன்னான். வயர்லெஸ்ஸுக்குக் கரண்ட் தருகிற பெட்டரியை மேலே தூக்கச் சொன்னான். வாளியால் இறைக்கச் சொன்னான். மிதக்கக்கூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கான்களை ஒன்றாகக் கட்டச் சொன்னான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஜவுபர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சிபானா கிட்டே வந்து அவன் கையைப் பார்த்தாள்.

"காக்கா, பட்டன அமத்தினபடியே இரிக்கீங்களே. அவர் கதைச்சா உங்களுக்கு எப்பிடிக் கேக்கும்?"

அது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். விட்டால் என்ன கேட்கும் என்ற பயத்தில்தான் விரலை எடுக்காமல் இருந்தான். சிபானா அந்த விரலைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். செட்டில் வெறும் இரைச்சல் வந்தது.

"அந்த போல்ட்ட நான்தான் பூட்டினன், புள்ள. அளவு பிழை."

அவள் திரும்பவில்லை. செட்டின் மேல் காதை வைத்தபடி கையை மட்டும் உயர்த்தினாள்.

"சத்தம் போடாதீங்க காக்கா. அவர் கதைச்சாக் கேக்கணும்."