பெரியவள் நிற்கும் இடங்கள்

படிக்கட்டின் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது.

"தலைமாட்டைத் தூக்குங்க, கால்பக்கம் இறங்கட்டும்," என்றார் மாமா கீழே நின்றபடி.

"தூக்கினா சுவத்துல இடிக்குது," என்றார் பூட்டுக்கடைக்காரர். "இந்த வீட்டைக் கட்டினவன், உயிரோட இருக்கிறவங்க மட்டும்தான் இறங்குவாங்கன்னு நினைச்சிருக்கான்."

அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"இதை அவதான் சொல்லியிருப்பா," என்றாள் அம்மா.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. சொன்னவர் பூட்டுக்கடைக்காரர். அந்தப் பெருமையும் செத்துப்போன அக்கா கணக்கில்தான் போய்ச் சேர வேண்டுமா?

பெரியவள் அந்தப் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். வாய் ஓயாததால் தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். சின்னவள் வரலாறு படித்தவள், குடும்பத்தின் முதல் பட்டம். அருங்காட்சியகத்தின் பின்கட்டில், உடைந்த பானை ஓடுகளுக்கு எண் போடுகிற வேலை. ஊரே ரேடியோவைக் கேட்டது. பானை ஓடுகள் சின்னவளிடம் எதையும் கேட்டதில்லை.

'அக்கா வேலைக்குப் போனதாலதான் நீ படிச்சே' என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. நன்றி சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் புளித்துப்போனது. பொறாமை மட்டும் புளிக்கவில்லை. கடைசி இரண்டு மாதமும் பெரியவளுக்கு மலமும் மூத்திரமும் அள்ளியவள் சின்னவள்தான். அப்போதும் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பெரியவள் மூச்சிரைக்கச் சொல்கிற கதையைக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். சின்னவள் மூத்திரப் பேசினைப் பிடித்தபடி கதவருகே நிற்பாள். "கொஞ்சம் இரு, கதையை முடிக்கட்டும்," என்பாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

ஒருவழியாகப் பெட்டி தெருவுக்கு வந்தது. அமரர் ஊர்தி சந்துக்குள் வராது. மதில் வாசலுக்கு வெளியே நின்றது. அதுவரை தோளில்தான். கல் பாவிய சந்து, ஏற்றமும் இறக்கமும், சுமப்பவர்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அங்கங்கே இறக்கி வைத்துத்தான் போக வேண்டியிருந்தது.

முதல் தடவை கல்மூடிக் கிணற்றடியில் இறக்கினார்கள்.

"இங்கதான் நிறுத்துவா," என்றார் குடைக்காரர். அவரும் வழிகாட்டிதான். கூட்டத்துக்கு அடையாளமாக மழையோ வெயிலோ சிவப்புக் குடை பிடிப்பவர். "ராணியம்மா மோதிரத்தைக் கிணத்துல விட்டுட்டாங்க. தெரு ஆம்பளைங்க பூரா பொத்து பொத்துன்னு குதிச்சாங்க. பொண்டாட்டிங்க ஒண்ணுகூடி மேல கல்லைப் போட்டு மூடிட்டாங்க."

வேர்வையைத் துடைத்துக்கொண்டே எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்.

"அது கிணறே இல்ல," என்றாள் சின்னவள். "தானியம் கொட்டி வைக்கிற குழி."

இறங்கி அளந்து அறிக்கை எழுதியவள் அவள். அதைப் படித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அச்சுப்பிழை திருத்தியவர்.

"இப்ப அதுவா முக்கியம்?" என்றாள் அம்மா.

அடுத்து மணிக்கூண்டு. மூன்று பக்கம் கடிகாரம், நான்காவது பக்கம் வெறும் சுவர். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் உயர்ந்த கட்டடம் ஒன்று ஒட்டி நின்றது என்பது சின்னவளுக்குத் தெரியும். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

"அந்தப் பக்கத்துக்காரங்க காசு தரலையாம், அதனால அவங்களுக்கு நேரம் கிடையாதாம்," என்று தொடங்கினார் தையல்காரர். "என் கடை அந்தப் பக்கம்தானே. 'பாருங்க, இவர் சொன்ன நேரத்துக்குத் துணி தராததுக்கு இதுதான் காரணம்'னு, வர்றவங்க அத்தனை பேருக்கும் என்னைக் காட்டுவா." பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அம்மா மூடியைத் தடவினாள். "என் பொண்ணு," என்றாள்.

அவளுக்குப் பெண்கள் இரண்டு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் மதில் வாசல் வந்தது. ஆள் உயரத்தைப்போல மூன்று மடங்கு வாசல். ஆனால் கதவு ஒரு பக்கம் மட்டும்தான். மறுபக்கம் துருப்பிடித்த கீல்கள்.

"இங்க என்ன சொல்லுவா?" என்று கேட்டாள் அம்மா.

குடைக்காரர் தயங்கினார். "இங்க ஒண்ணும் சொல்ல மாட்டாம்மா. கூட்டம் கலையிற இடம். கை குலுக்கி அனுப்பிடுவா."

"ஏதாவது சொல்லியிருப்பா." அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "உங்களுக்கு மறந்திருக்கும். யோசிச்சுப் பாருங்க."

வெளியே ஊர்தி ஹாரன் அடித்தது. "அக்கா, நேரமாகுது," என்றார் மாமா. அம்மா நகரவில்லை.

மறுகதவைக் கரையான் தின்றது. மிச்சத்தைக் குளிர்காலத்தில் எரித்தார்கள். ஆவணம் இருக்கிறது, சின்னவள் பார்த்திருக்கிறாள்.

"சொன்னா," என்றாள். "எங்கிட்ட சொன்னா."

எல்லாரும் திரும்பினார்கள்.

"கதவுக்கு ஒருத்தர்னு ரெண்டு காவல்காரங்க. அண்ணன் தம்பி. போறவங்க வர்றவங்க எல்லாரும் அண்ணனுக்குத்தான் வணக்கம் சொல்லுவாங்க. அவன் நல்லாப் பேசுவான். தம்பி தன் கதவைத் திறப்பான், மூடுவான், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில வந்து பார்த்தா தம்பியும் இல்ல, கதவும் இல்ல. கழட்டித் தலையில வெச்சுக்கிட்டுப் போயிட்டான்."

"அப்புறம்?" என்றார் தையல்காரர்.

"அப்புறமென்ன. அண்ணன் தினமும் ராத்திரி ஒத்தைக் கதவைச் சாத்தி, பெருசாப் பூட்டும் போட்டு, சாவியை இடுப்புல செருகிக்கிட்டுத் தூங்கினான்."

பூட்டுக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "ரேடியோவேதான். வேற யாருக்குத் தோணும் இது?"

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே," என்றாள் மெதுவாக.

"எங்கிட்ட மட்டும்தான் சொன்னா."

"எப்போ?"

"நீங்க தூங்கின பிறகு. நாங்க நிறையப் பேசுவோம்."

அம்மா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை சின்னவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமும் அது அவள் கண்ணில்தான் இருந்தது. ஆனால் அதை வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பெட்டியை ஊர்தியில் ஏற்றினார்கள். உள்ளே பெட்டியை ஒட்டி இரண்டு பேர் உட்காரும் பலகை. மாமா ஏறக் கால் வைத்தார்.

"நீ பின்னாடி வா," என்று அவரைத் தடுத்தாள் அம்மா. "சின்னவ ஏறட்டும்."

வண்டி நகர்ந்தது. அம்மாவின் கை சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஆறுதலுக்குப் பிடித்த பிடி இல்லை.

"வேற என்னல்லாம் சொன்னா?"

"நிறைய."

"சொல்லு."

சின்னவள் ஜன்னல் வழியே பார்த்தாள். மதில் முடிந்து புதிய ஊர் தொடங்கியிருந்தது. பெட்ரோல் பங்க். பல் ஆஸ்பத்திரி. பாதி கட்டி நிறுத்திய அடுக்குமாடி. அம்மா காதின்மேல் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, அவள் பக்கம் தலையைச் சாய்த்தாள்.